மாயவாளும் மனிதக் கையும்

மூடநம்பிக்கையை ஒழிக்கப் புறப்பட்டோர் அற்புதங்கள் நிறைந்த படக்காட்சியைக் கண்டு மகிழலாமா? கொட்டகையில் பறக்கும் வாளுக்குக் கைதட்டிவிட்டு, வெளியே வந்து மந்திரவாதியின் தாயத்தை மறுப்பது முரண்பாடன்றோ எனச் சிலர் வினவுவர். இவ்வினா எளிதில் தள்ளத்தக்கதன்று.

சீன நாடு இதனை நேர்முகமாகவே சந்தித்தது. 1928-இல் ஷாங்காய் நகரத்து மிங்சிங் கம்பெனியார் 'செந்தாமரைக் கோயில் எரிப்பு' என்னும் ஊமைப்படத்தை வெளியிட்டனர். ஜனங்களின் ஆதரவு பெருகவே, 1931-க்குள் 18 பாகங்கள் வெளிவந்தன. வாள்வீரர் வானில் பறப்பதைக் கண்ட சிறுவர் சிலர், சித்தர்களைக் குருவாக நாடி வீட்டைவிட்டு மலைகளுக்கு ஓடினர் என்றும் செய்திகள் பரவின. இவை மூடநம்பிக்கையை வளர்ப்பன எனக் கருதிய சர்க்கார் 1931-இல் இவ்வகைப் படங்களைத் தடுத்தது. விளைந்தது யாது? ஷாங்காயில் அடைபட்ட ஊற்று ஹாங்காங்கில் கான்டனீஸ் மொழியில் பெருக்கெடுத்தது. ஆசை சாகவில்லை, இடம் பெயர்ந்தது.

அற்புதத்தைக் காட்டுவது மட்டுமே குற்றமாகாது. மந்திரவாதி தன் கையை மறைக்கிறான். மெய்யென்று நம்பச் சொல்லி ஏழையின் கூலியைப் பறிக்கிறான். படக்காரனோ இது கதையென்று சொல்லியே சீட்டு விற்கிறான். 1964-இல் வந்த 'புத்தரின் உள்ளங்கை' படத்தின் ஒளிக்கதிர்கள் படச்சுருளின்மேல் மனிதக் கையால் வரையப்பட்டவை. அங்கே வியக்கத்தக்கது தெய்வசக்தியன்று, தொழிலாளியின் திறமையே.

ஆயினும், இத்துடன் இப்படங்களை விடுதலை செய்துவிடலாகாது. அவற்றில் இதனினும் நுண்ணியதொரு நஞ்சு உண்டு. அநீதியால் நசுங்குபவன், எங்கோ ஒரு மலையினின்று மாயவாள் ஏந்திய வீரன் வருவான், கொடியவனை ஒழிப்பான் என்று கனவு காண்கிறான். அக்கனவு இனியது, ஆனால் காத்திருக்கப் பழகிய கை, செயலாற்ற மறந்துவிடும்.

இதற்கு விடை கூறுவதுபோல் அமைந்தது, 1983-இல் சூய் ஹார்க் இயக்கிய 'சூ மாயமலை வீரர்' என்னும் கான்டனீஸ் படம். 1932 முதல் ஹுவான்ஜு லௌஜு எழுதிய தொடர்கதையைத் தழுவியது அது. யுவென் பியாவ் நடித்த எளிய போர்வீரன், நிலவழியே தாக்குவதா நீர்வழியே தாக்குவதா எனத் தலைவர் இருவர் பூசலிடுகையில், இருவருக்கும் ஆமெனக் கூறி இருவர் சினத்துக்கும் ஆளாகி ஓடுகிறான். பொருளற்ற போரை வெறுத்தவன் மாயமலையில் மகான்களை அடைகிறான். அங்கேயும் பூசலே! வாள்குருவும் துறவியும் ஒற்றுமையின்றிப் பிணங்குகின்றனர். உலகை விழுங்க எழும் இரத்தப்பூதத்தை நீண்ட புருவமுடைய முதியவர் 49 நாள் மட்டுமே கட்டிவைக்க இயலும். அதற்குள் இரட்டை வாள்களைக் கொணர வேண்டும். அவன் நம்பிய குருவோ இடையே தீமைக்கு இரையாகிறார். முடிவில் பூதத்தை அழிப்பது மகானன்று. அவ்வீரனும், துறவியின் இளஞ்சீடனுமே. இருவர் மனமும் ஒன்றானால்தான் இரு வாளும் ஒன்றாகும்!

கதை பொய், அது கூறும் நெறி மெய். பெரியோரும் வழுவக்கூடும், ஆகவே பிறர் தோளில் நம் விடுதலையை ஏற்றிவைத்தல் தகாது. எளியோர் தம்முள் ஒன்றுபடுவதே வாள். தோட்டத்திலாயினும் பட்டணத்திலாயினும், கூலி உயர்ந்ததும் பள்ளி எழுந்ததும் சங்கமாய்க் கூடியவர் கையால்தான்; வானினின்று எவரும் இறங்கி வந்தாரில்லை.

ஆதலின் அன்பர்களே, படத்தை அளக்க ஒரு கோல் உண்டு. அதில் பூதம் வருகிறதா என்று பாராதீர். கொட்டகையை விட்டு வெளியேறுகையில் உம் கை கும்பிடக் குவிகிறதா, அண்டையில் நிற்பவனின் கையைப் பற்ற நீளுகிறதா என்று பாரீர். குவிந்தால் அப்படம் உம்மை ஏய்த்தது. நீண்டால், பொய்க்கதையும் பகுத்தறிவுக்குத் தொண்டு செய்தது.