மருந்து யாருடைமை?

உலகிலுள்ள உடைமைகளை ஒருவாறு மூவகையாகப் பிரித்துக் காணலாம். முதல்வகை சோறு போன்றது. உண்டவன் கலத்திலுள்ளது குறையும். அண்டை வீட்டான் கலத்திலுள்ளது குறையாது. இரண்டாம்வகை கல்வி போன்றது. எத்துணைப் பேருக்கு வழங்கினும் வழங்கியவனிடத்துக் குறைவதில்லை. இவ்விரண்டற்கும் உரிய நீதியை மக்கள் நெடுங்காலமாக அறிந்திருக்கின்றனர். மூன்றாம்வகை ஒன்றுண்டு, அது கடந்த நூறாண்டுக்குள்ளேதான் நம் கைக்கு வந்தது. அதனை ஒருவன் தன் பணத்தில் வாங்கித் தன் வீட்டிலிருந்து விழுங்கினாலும், அவன் பெயரையும் அறியாத பிறிதொருவன் கையிலுள்ள அதே பொருளின் வலிமை சிறிது குன்றுகிறது. விழுங்கியவனுக்கும் அது தெரியாது; இழந்தவனுக்கும் தெரியாது. ஆன்டிபயாடிக் என்று மருத்துவர் கூறும் கிருமிக்கொல்லி மருந்தே அப்பொருள்.

இத்தகைய பொருளை, 'என்னுடையது, விலை கொடுத்தேன், விரும்பியவாறு செய்வேன்' என்று ஒருவன் சொல்லலாமா? இதுவே நாம் இன்று ஆராயப் புகுந்த வினா. இது மருத்துவர்க்கு மட்டும் உரிய வினாவன்று. அறத்தைப் பற்றிய வினாவாதலின் அனைவர்க்கும் உரியது.

முதற்கண் மருந்தின் வலிமை எங்ஙனம் குன்றுகிறது என்பதைத் தெளிதல் வேண்டும். அடிக்கடி உண்டால் மருந்து உடம்புக்குப் பழகிப்போகும் என்று பலர் கருதுகின்றனர். அது பிழை. மாறுவது நம் உடம்பன்று, உடம்பிலுள்ள கிருமிக்கூட்டமே. கோடிக்கணக்கான கிருமிகளுள் மருந்தைத் தாங்கவல்லன ஒருசில, மருந்தைக் காண்பதற்கு முன்னரே இருத்தல் கூடும் என்பதை ஜோஷுவா லெடர்பெர்க், எஸ்தர் லெடர்பெர்க் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் 1952ஆம் ஆண்டில் சோதனையாற் காட்டினர். மருந்து வந்தவுடன் தாங்கமாட்டாதன மடிகின்றன. தாங்கவல்லன எஞ்சி, காலியான இடத்திற் பெருகுகின்றன. தேவையின்றி மருந்துண்பவன், பயிரைப் பிடுங்கிக் களைக்கு இடம்விடும் உழவனை ஒப்பான்.

இம்மட்டோ? மருந்தைத் தாங்கும் ஆற்றலைக் கிருமிகள் தம் வழித்தோன்றல்களுக்கு மட்டும் கொடுத்துச் செல்வதில்லை. பிளாஸ்மிட் எனப்படும் சிறு மரபு வளையத்தின் வாயிலாக, அயலிலுள்ள கிருமிக்கும், பிற இனத்துக் கிருமிக்குங்கூட அவ்வாற்றலைக் கொடுத்துவிடுகின்றன. வயிற்றளைச்சற் கிருமிகள் பல மருந்துகளை ஒருங்கே தாங்கும் ஆற்றலை இங்ஙனம் கைமாற்றிக்கொள்வதை 1950களில் ஜப்பானிய அறிஞர் கண்டனர். சாதியும் குலமும் பாராமற் கொண்டு கொடுக்கும் வழக்கம் கிருமிகளிடத்து உண்டு. எனவே ஒரு பன்றியின் குடலில் நிகழ்ந்தது பன்றியோடு முடிவதில்லை. ஒரு குழந்தையின் குடலில் நிகழ்ந்தது குழந்தையோடு முடிவதில்லை.

இத்தீங்கை முன்னரே உணர்ந்து கூறியவர் பெனிசிலினைக் கண்டறிந்த அலெக்சாந்தர் பிளெமிங்கே ஆவர். 1945ஆம் ஆண்டு திசம்பர்த் திங்களில், நோபெல் பரிசு பெற்ற விழாச் சொற்பொழிவில், அவர் ஒரு சிறு கதை கூறினார். தொண்டை வலியுற்ற ஒருவன் பெனிசிலினை வாங்கிக் குறைந்த அளவில் உண்கிறான். அவ்வளவு கிருமிகளைக் கொல்லப் போதாது. மருந்தை எதிர்க்க அவற்றைப் பயிற்றுவதற்குப் போதும். பின்னர் அவன் மனைவிக்கு அக்கிருமிகள் தொற்றி நிமோனியாக் காய்ச்சல் உண்டாகிறது. அவளுக்குக் கொடுத்த பெனிசிலின் பயன்படவில்லை; அவள் இறக்கிறாள். கணவனது கவனக்குறைவே அவள் சாவிற்குக் காரணமென்பது பிளெமிங் கருத்து.

இக்கதையை நாம் மதிக்கின்றோம். எனினும் இதனை இன்று படிக்குங்கால் ஓர் ஐயம் எழுகின்றது. கதையிற் குற்றவாளியாக நிற்பவன் அறியாமையுடைய ஒரு தனி மனிதன். உலகம் சென்ற வழியோ வேறு. அக்கதை கூறப்பட்டு ஐந்தாண்டு கழியுமுன், அமெரிக்காவில் ஸ்டோக்ஸ்டாட், ஜூக்ஸ் என்னும் ஆராய்ச்சியாளர், ஆரியோமைசின் என்னும் மருந்து செய்தபின் எஞ்சிய கழிவைத் தின்ற கோழிக்குஞ்சுகள் விரைந்து எடை கூடுவதைக் கண்டனர். நோயில்லாத விலங்குக்கு, நோயைத் தீர்க்கப் போதாத சிறு அளவில், நாள்தோறும் தீவனத்தில் மருந்து கலக்கும் வழக்கம் அதன்பின் பல நாடுகளிற் பரவிற்று. எவ்வளவு சிறிய அளவு தீங்கென்று பிளெமிங் ஒரு வீட்டுக்காரனை எச்சரித்தாரோ, அவ்வளவே ஒரு தொழிலின் முறையாயிற்று. வீட்டுக்காரனுக்கு அறிவுரை; பண்ணைக்கு இலாபம்! இது நேர்மையாகுமா?

கொலிஸ்டின் என்னும் மருந்தின் வரலாறு இதனை நன்கு விளக்கும். ஜப்பானில் மண்வாழ் கிருமியொன்றிலிருந்து 1940களின் இறுதியில் எடுக்கப்பட்ட மருந்து அது. சிறுநீரகத்தைக் கெடுக்கும் இயல்புடையதாதலின், அதனினும் நல்ல மருந்துகள் வந்தபின், 1970களில் மருத்துவர் அதனைப் பெரும்பாலும் கைவிட்டனர். 'மக்களுக்கு வேண்டாதது மாக்களுக்கு ஆகுக' என்றாற்போலப் பன்றிக்கும் கோழிக்கும் அது தாராளமாக வழங்கப்பட்டது. ஆனால் காலம் திரும்பிற்று. நல்ல மருந்துகள் ஒவ்வொன்றாகத் தோற்கத் தொடங்கவே, பிற எதற்கும் அடங்காத கிருமிகளுக்கு எதிரே மருத்துவர் கையில் எஞ்சிய இறுதிப் படைக்கலங்களுள் ஒன்றாக அப்பழைய கொலிஸ்டின் மீண்டது. எடுத்துப் பார்த்தால், படைக்கலத்தின் முனை ஏற்கனவே மழுங்கியிருந்தது!

2013ஆம் ஆண்டில் சீனத்து ஷாங்காய்ப் பன்றிப் பண்ணை ஒன்றிற் கிடைத்த கிருமியில், கொலிஸ்டினைத் தாங்கும் ஆற்றல் பிளாஸ்மிட் வாயிலாகக் கைமாறுவதைச் சீன அறிஞர் கண்டு, 2015 நவம்பரில் வெளியிட்டனர். எம்சிஆர்-1 என்று அம்மரபுக்கூற்றுக்குப் பெயரிட்டனர். அவர்கள் சோதித்த 804 விலங்குகளுள் 166இல் அஃது இருந்தது. 523 இறைச்சி மாதிரிகளுள் 78இல் இருந்தது. மருத்துவமனை நோயாளர் 1,322 பேரிடத்து எடுத்தவற்றுள் 16இல் இருந்தது. விலங்கில் மிகுதி, இறைச்சியில் அதனிற் குறைவு, மனிதரிடத்து மிகக் குறைவு. பண்ணையினின்று மருத்துவமனைக்கு ஒரு வழி செல்வதை இவ்வரிசை சுட்டுகின்றதென அவர்கள் கருதினர்.

இனி மறுப்போர் கூற்றையும் கேட்போம். 'பண்ணையாளர் மருந்து கலவாவிடில் இறைச்சி விலை ஏறும். ஏழைக்கு முட்டையும் கோழியும் எட்டாக்கனியாகும்' என்பர் சிலர். இது புறக்கணிக்கத் தக்க கூற்றன்று. ஆனால் அனுபவம் வேறு கூறுகின்றது. டென்மார்க் நாட்டில் எடை கூட்டுதற்காக மருந்து கலக்கும் வழக்கம் 1999ஆம் ஆண்டிறுதிக்குள் நின்றது. தாய்ப்பால் மறந்த பன்றிக்குட்டிகளுக்குத் தொடக்கத்தில் வயிற்றுப்போக்கு மிகுந்தது உண்மையே. அவற்றிற்கு மருத்துவமும் வேண்டியிருந்தது. எனினும் அந்நாட்டுப் பன்றித் தொழில் அழியவில்லை, வளர்ந்தது. நார்வே நாட்டு மீன்பண்ணைகளில் 1987ஆம் ஆண்டில் ஏறத்தாழ 50 டன் மருந்து செலவாயிற்று. மீனுக்குத் தடுப்பூசி வந்தபின், 1990களின் இறுதியில் அது 1 டன் அளவிற்குச் சுருங்கிற்று; மீன் விளைச்சலோ பன்மடங்கு பெருகிற்று. ஆதலின், மருந்து பல இடங்களிற் செய்துவந்த வேலை நோய் தீர்த்தலன்று. நெருக்கடியையும் அழுக்கையும் மூடி மறைத்தலே என்பது புலனாகின்றது.

நோயுற்ற விலங்குக்கு மருந்து கொடுக்கலாகாது என்பது நம் கருத்தன்று. வாயில்லாப் பிராணியின் துன்பத்தைத் துடைத்தல் அறமே. கால்நடை மருத்துவர் தொழில் போற்றத்தக்கதே. நோய்க்கு மருந்து கேட்பது வேறு. எடைக்கு மருந்து கேட்பது வேறு.

மற்றொரு மறுப்பு இதனினும் வலியது. அது நம் வீட்டுள்ளேயே எழுவது. காய்ச்சலால் அனலாய்க் கொதிக்கும் குழந்தையைத் தோளிற் சார்த்திக்கொண்டு ஒரு தாய் மருத்துவரிடம் செல்கிறாள். 'இது வைரசுக் காய்ச்சல், கிருமிக்கொல்லி இதற்கு வேலை செய்யாது, தண்ணீர் கொடுங்கள், மூன்று நாள் கழித்து வாருங்கள்' என்கிறார் அவர். தாயின் மனம் வாடுகிறது. ஏழையென்று எண்ணி நல்ல மருந்தை மறுத்தாரோ என்று ஐயுறுகிறாள். வீட்டிற்கு வந்து, சென்ற முறை எஞ்சி அலமாரியிலிருந்த மாத்திரையைத் தேடுகிறாள். அவளைப் பார்த்து, 'உலகிலுள்ள முகந்தெரியாத மக்களை எண்ணிப் பார்' என்று சொல்ல நமக்கு நா எழுமா?

எழாது, எழவும் வேண்டா. அவளிடம் சொல்லவேண்டியது வேறு. அம்மாத்திரை அவள் குழந்தைக்கு நன்மை செய்யாது. குழந்தையின் குடலில் வாழும் நல்ல கிருமிகளைக் கொன்று, தாங்கவல்லவற்றை அங்கேயே வளர்க்கும். நாளை அக்குழந்தைக்கே மெய்யாக மருந்து வேண்டுங்கால் அது தோற்கவுங்கூடும். முகந்தெரியாதவன் வேறெங்கும் இல்லை. பத்தாண்டு கழித்து வரும் அவள் குழந்தையும் இன்று அவளுக்கு முகந்தெரியாதவனே. இதனைப் பொறுமையோடு எடுத்துச் சொல்ல மருத்துவர்க்கு நேரம் வேண்டும்; மனமும் வேண்டும். சொல்லாமல் மறுப்பதும், தொல்லை தீர்ந்தாற் போதுமென்று எழுதிக் கொடுப்பதும் இரண்டும் கடமை தவறுதலே.

அளவிற் குறைதல் மட்டுமே தீங்கென்று ஒரு காலத்திற் கருதினர். தேவைக்கு மிஞ்சிய நாள் உண்பதும் தீங்கென்று பின்வந்த ஆராய்ச்சி காட்டிற்று. பல நோய்களுக்குக் குறுகிய நாள் மருத்துவமே போதுமென்று தெரிந்திருக்கிறது. காசநோய் போன்றவற்றிற்கோ பல திங்கள் தவறாது உண்ணல் வேண்டும். ஆதலின் எவ்வளவு, எத்துணை நாள் என்பதை நாமே முடிவு செய்யாது, நோயை ஆராய்ந்த மருத்துவரிடம் கேட்டுச் செய்தலே தக்கது.

ஈண்டு ஓர் எச்சரிக்கை. அடக்கம் வேண்டுமென்று பேசுவோர், யாரிடம் பேசுகின்றோம் என்பதை மறத்தல் கூடாது. மருந்தை எதிர்க்கும் கிருமிகளே நேர்க்காரணமாக 2019ஆம் ஆண்டில் உலகில் 12 இலட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்தனரென்று 2022இல் வெளியான ஆராய்ச்சி மதிப்பிட்டது. மக்கள்தொகையோடு ஒப்பிடுகையில் அச்சாவு மேற்கு ஆப்பிரிக்கப் பகுதியில் மிக அதிகம்; ஆஸ்திரேலியா, நியூசீலாந்து பகுதியில் மிகக் குறைவு. நல்ல குடிநீரும் மருத்துவமனையும் இல்லாத இடத்திலேதான் சாவு மிகுதி. அங்கே நிமோனியாக் காய்ச்சலுற்ற குழந்தைக்கு உரிய மருந்து உரிய வேளையிற் கிடைக்காமையும் சாவுக்குக் காரணமாகின்றது. அக்குழந்தையை நோக்கிச் சிக்கனம் பேசுவது அறமன்று, கொடுமை. அடக்கம் என்பது பசித்தவனுக்குச் சொல்லும் பாடமன்று; உண்டு நிறைந்தவனுக்குச் சொல்லும் பாடம்.

எனவே நாம் எடுத்த வினாவிற்கு விடை இது: இம்மருந்தின்மேல் எவர்க்கும் உடைமையுரிமை இல்லை, தேவையுரிமையே உண்டு. நோயுற்றவன், அவன் யாராயினும், எந்நாட்டானாயினும், அதனைப் பெற உரியன். அவன் உண்டதால் மருந்து சிறிது தேய்ந்ததேல், அத்தேய்வு குற்றமன்று. மருந்து பிறந்ததே அதற்காக. நோயின்றி வசதிக்காக உண்பவனுக்கு அவ்வுரிமை இல்லை. இலாபத்திற்காகத் தொட்டியிற் கொட்டுபவனுக்கோ அறவே இல்லை. பொறுப்பும் இவ்வரிசையிலேயே ஏறும்: மிகுதியாகச் செலவிடுபவனுக்கு மிகுதி.

இவ்விடை வெறும் ஆசையுரையன்று. செயலிற் பயன் தந்திருக்கிறது. தீவனத்தில் எடை கூட்டுதற்காகக் கொலிஸ்டின் கலப்பதை 2017ஆம் ஆண்டு ஏப்ரல் இறுதியிலிருந்து சீன அரசு தடுத்தது. 2015இல் 27,170 டன்னாக இருந்த தீவனக் கொலிஸ்டின் உற்பத்தி 2018இல் 2,497 டன்னாயிற்று. அதனைத் தாங்கும் கிருமி, சோதித்த பன்றிகளுள் நூற்றுக்கு 34 என்ற அளவினின்று ஈராண்டிற்குள் 5 என்ற அளவிற்கு இறங்கிற்று. சோதித்த மனிதரிடத்தும் எம்சிஆர்-1 உடைய கிருமி 2016இல் நூற்றுக்கு 14.3 ஆக இருந்தது, 2019இல் 6.3 ஆயிற்று. மலேசியாவும் இந்தியாவும் 2019ஆம் ஆண்டில் கொலிஸ்டினை உணவு விலங்குகளிடமிருந்து விலக்கின. மழுங்கிய முனை முற்றும் கூர்ப்படவில்லை. ஆயினும் கையை எடுத்தால் தேய்வு குறையும் என்பது தெளிவாயிற்று.

அன்பர்களே! கண்ணெதிரே நிற்பவனுக்குத் தீங்கு செய்யாதிருத்தல் பழைய அறம். கண்ணிற் படாதவனுக்கும், இன்னும் பிறவாதவனுக்கும் தீங்கு செய்யாதிருத்தல் நம் காலம் நம்மிடம் கேட்கும் அறம். அதற்குப் பெருந்தியாகம் வேண்டா. அலமாரியிலிருக்கும் எஞ்சிய மாத்திரைகளைக் குழந்தைக்குக் கொடுக்குமுன் ஒருமுறை மருத்துவரைக் கேட்போம். வாங்கும் கோழி எங்ஙனம் வளர்ந்ததென்று விற்பவரைக் கேட்போம். மருத்துவர் 'வேண்டா' என்று சொல்லுங்கால், ஏனென்று கேட்போம். விடை தக்கதாயின் மனமுவந்து வீடு திரும்புவோம். அன்று நாம் உண்ணாது விட்ட மாத்திரை, என்றோ ஒருநாள், யாரோ ஒருவர் உயிரைக் காக்க வலிமையோடு இருக்கும்.