டாக்டர் முன்னால் வாய் திறந்து பேசுங்கள்!

"பிரஷர் நார்மல்" என்று கேட்ட அன்றே மாத்திரை அட்டையை அலமாரிக்குள் தள்ளிவிட்டீர்களா, ஐயா? "இத்தனை வயசுக்கு மேல எதுக்கு மருந்து?" என்று சலித்துக்கொண்டீர்களா, அம்மா? உங்களோடுதான் பேச வந்திருக்கிறேன்.

கருவியில் 120/80 வந்தது தினமும் விழுங்கிய மாத்திரையால். வெள்ளம் வரவில்லை என்று ஏரிக்கரையை வெட்டிவிடுவோமா?

1945 ஏப்ரல் 12. உலகப் போரை நடத்திக்கொண்டிருந்த அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட், தலை வலிக்கிறது என்று சொல்லிச் சாய்ந்தார். ரத்த அழுத்தம் 300/190. மூளையில் ரத்தம் கசிந்து அன்றே இறந்தார். வயது 63. அழுத்தம் ஏறியிருப்பது ஓராண்டுக்கு முன்பே டாக்டர்களுக்குத் தெரியும். இறக்குவதற்கு இன்றுள்ள மாத்திரைகள் அன்று இல்லை. அந்த அதிபருக்குக் கிடைக்காதது, 2021 ஆகஸ்டில் தொடங்கிய தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் வழியாக நம் கிராமத்துத் திண்ணைக்கே வருகிறது. அதையா தூக்கி எறிவது!

வயதாகிவிட்டது என்பதும் காரணமாகாது. எண்பது வயதுக்கு மேற்பட்ட 3,845 பேரிடம் நடந்து 2008-இல் வெளியான 'ஹைவெட்' ஆய்வில், மருந்து எடுத்தவர்களிடம் இறப்பு 21 சதவீதம் குறைந்தது.

அட்டெனோலால், மெட்டோப்ரோலால் போன்ற பிரஷர், இதய மாத்திரைகளைச் சட்டென்று நிறுத்தினால் நெஞ்சுவலி திரும்பலாம், மாரடைப்பே வரலாம். இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்தவர், ரத்தம் உறையாமல் காக்கும் குளோபிடோகிரெலைத் தானாக விட்டால் ஸ்டென்டுக்குள்ளேயே ரத்தம் உறையக்கூடும். பல் பிடுங்கப் போனாலும் இதய டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள்.

உங்கள் சிரமம் பொய்யல்ல. பிரஷர் மாத்திரைகளில் அம்லோடிபினால் சிலருக்குக் கால் வீங்கும். எனலாப்ரிலால் சிலருக்கு வறட்டு இருமல் வரும். எழுந்து நின்றால் கண் இருட்டும். அதைச் சொன்னீர்களா? வெயிலிலும் மழையிலும் உழைத்துக் குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியவர் நீங்கள். டாக்டர் மேசைக்கு முன்னால் மட்டும் ஏன் தலையாட்டிவிட்டு எழுந்து வருகிறீர்கள்? "இது எனக்கு ஒத்துக்கலை, மாத்திக் குடுங்க" என்று கேளுங்கள். "விலை தாங்கலை" என்று கூசாமல் சொல்லுங்கள். மருந்தை மாற்றவும், அளவைக் குறைக்கவும், தேவையில்லாததைப் படிப்படியாக நிறுத்தவும் அவருக்கு வழி தெரியும். கேட்பது உங்கள் உரிமை.

நிறுத்திப் பல நாள் ஆகிவிட்டதா? வெட்கம் வேண்டாம், மறைக்கவும் வேண்டாம். நாளைக் காலையிலேயே பழைய சீட்டையும் மிச்ச மாத்திரைகளையும் பையில் போட்டுக்கொண்டு கிளம்புங்கள். நிறுத்திய தேதியை மறக்காமல் சொல்லுங்கள்.