வாசற்படிக்குள் வரும் சட்டம்

மாத்தளை நகரை விட்டு, அலுவிகாரையைத் தாண்டி வடக்கே செல்லும் யாழ்ப்பாண வீதியில் பலாபத்வல இருக்கிறது. மிளகும் கொக்கோவும் விளையும் அமைதியான பிரதேசம். இப்பக்கத்து மக்கள் ஒரு காலத்தில் நாய்க்கும் துவக்குக்கும் விதிக்கப்பட்ட வரிக்காகப் பேரரசு ஒன்றை எதிர்த்து எழுந்தார்கள் என்று சொன்னால் இன்று கேட்பவருக்குச் சிரிப்பு வரலாம். 1848-ஆம் ஆண்டு நடந்த அந்த எழுச்சியைப் பாடசாலையில் ‘மாத்தளைக் கலகம்’ என்று படித்தோம், பரீட்சையோடு மறந்தோம். ஆயினும் ஒரு கத்தோலிக்கக் குடும்பம் தன் மனச்சான்றோடு ஆராய்ந்து பார்க்கவேண்டிய கேள்வியொன்று அதற்குள் கிடக்கிறது. மக்களின் அன்றாட வாழ்வுக்குள் அரசாங்கம் எவ்வளவு தூரம் நுழையலாம்? அப்படி நுழையும்போது அதன் கட்டளை எப்போது நம் மனச்சான்றைக் கட்டுப்படுத்தும்?

முதலில் நடந்ததைப் பார்ப்போம். ஐரோப்பாவில் ஏற்பட்ட பொருளாதார நெருக்கடியால் கோப்பியின் விலை வீழ்ந்தது. தோட்ட முதலாளிமாரும் வணிகரும் ஏற்றுமதித் தீர்வையைக் குறைக்கும்படி கேட்டார்கள். கோப்பி மீதான தீர்வையை நீக்கவும் கறுவா மீதான தீர்வையைக் குறைக்கவும் அரசாங்கம் இசைந்தது. அதனால் வருமானத்தில் விழுந்த பள்ளத்தை நிரப்பப் பொதுமக்கள் மீது நேர்முக வரிகள் விதிக்கப்பட்டன. தேசாதிபதி டொரிங்டன் பிரபுவின் ஆட்சியில், 1848 யூலை முதலாம் திகதி தொடக்கம், துவக்கு வைத்திருப்பவன் ஆண்டுக்கு இரண்டரைச் சிலிங் கட்டவேண்டும். நாய்க்கு ஒரு சிலிங். கடைக்கு ஒரு பவுண். வண்டிக்கும் வரி. இவற்றோடு பாதைச் சட்டமும் வந்தது. 18 வயதுக்கும் 55 வயதுக்கும் இடைப்பட்ட ஆண்கள் ஆண்டுக்கு ஆறு நாள் வீதி வேலை செய்யவேண்டும்; இல்லையேல் மூன்று சிலிங் செலுத்தவேண்டும்.

கொழும்பிலிருந்து பார்த்தால் இவை சிறு தொகைகள். கிராமத்திலிருந்து பார்த்தால் அப்படியல்ல. சேனைப் பயிரைக் காட்டுப்பன்றி அழிக்காமல் காப்பது துவக்கு. இரவில் குரைத்து வீட்டுக்காரனை எழுப்புவது நாய். இவை அவனுக்கு ஆடம்பரமல்ல. மண்வெட்டியைப்போலப் பிழைப்புக்கு வேண்டியவை. நெல்லையும் குரக்கனையும் பண்டமாற்றுச் செய்து வாழ்ந்தவன் கையில் நாணயம் புழங்குவதும் அரிது. பிச்சை ஏற்று வாழும் பௌத்த துறவியும் வீதி வேலைக்கு வரவேண்டும், அல்லது பணம் கட்டவேண்டும் என்றபோது, மக்களுடைய பிழைப்போடு அவர்களுடைய பக்தியும் புண்பட்டது.

யூலை 6-ஆம் திகதி கண்டிக் கச்சேரியின் முன் ஆயிரக்கணக்கானோர் திரண்டு முறையிட்டனர். அந்த மாத முடிவில் தம்புள்ளையில் கொங்காலேகொட பண்டா மன்னராக முடிசூட்டப்பட்டார். புரன் அப்பு முதலானோருடன் திரண்ட கூட்டம் மாத்தளையில் அரசாங்கக் கட்டடங்களைத் தாக்கியது. கச்சேரியில் இருந்த வரிப் பதிவேடுகள் சில அழிக்கப்பட்டன. அரசாங்கம் இராணுவச் சட்டத்தைப் பிரகடனப்படுத்தி அக்டோபர் வரை வைத்திருந்தது. கிளர்ச்சியை அடக்கியபோது அரசாங்கப் படையில் உயிரிழந்தவர் எவருமில்லை. அப்படியிருந்தும் இராணுவ நீதிமன்றங்களின் தீர்ப்பின்படி 18 பேர் கொல்லப்பட்டனர். புரன் அப்பு ஆகஸ்ட் 8-ஆம் திகதி சுடப்பட்டார். அதே மாதம் பௌத்த துறவி ஒருவர் காவியுடையோடே சுடப்பட்டார். இக்கொடுமை குறித்து இலண்டன் பாராளுமன்றத்திலேயே விசாரணை நடந்தது. டொரிங்டன் 1850-இல் திருப்பி அழைக்கப்பட்டார்.

“அரசாங்கம் விதித்தால் கட்டவேண்டியதுதானே? அதிகாரத்துக்குக் கீழ்ப்படியும்படி புனித பவுல் எழுதவில்லையா? செசாருக்குரியதைச் செசாருக்குக் கொடுக்கும்படி ஆண்டவரே சொல்லவில்லையா?” என்று சிலர் கேட்கக்கூடும். உண்மைதான். ஆனால் செசாரின் நாணயத்தைப் பற்றிப் பேசிய அதே ஆண்டவர், சுமத்தற்கரிய சுமைகளைக் கட்டி மனிதரின் தோள்மேல் வைத்துவிட்டுத் தாம் ஒரு விரலாலும் அசைக்க மனமற்றவர்களைக் கடிந்துகொண்டதும் உண்டு. கீழ்ப்படிதல் நல்லது. எதற்குக் கீழ்ப்படிகிறோம் என்று பாராமல் கீழ்ப்படிவது அடிமைப் பழக்கம்.

இங்கேதான் புனித தோமஸ் அக்குவினாஸ் நமக்குத் துணைக்கு வருகிறார். ஒரு சட்டம் நீதியானதா என்பதை மூன்று வகையில் பார்க்கச் சொல்கிறார் அவர். அது பொது நன்மைக்காக இயற்றப்பட்டதா? இயற்றியவர் தம் அதிகார எல்லைக்குள் நின்று இயற்றினாரா? அதன் சுமை மக்களிடையே தகுந்த அளவில் பகிரப்பட்டதா? இந்த மூன்றில் தவறிய சட்டம் சட்டமென்பதைவிட வன்முறை என்பதே பொருந்தும் என்பது அவரது தீர்ப்பு.

1848-ஆம் ஆண்டின் சட்டங்களை இந்தத் தராசில் வைத்துப் பாருங்கள். யாருடைய நன்மைக்காக? கோப்பி முதலாளியின் தீர்வையை இறக்குவதற்காகச் சேனைக்காரன் மீது வரி ஏற்றப்பட்டது. சுமை பகிரப்பட்டதா? ஏழைக்கும் செல்வனுக்கும் மூன்று சிலிங் ஒன்றுதான். ஆனால் ஒருவனுக்கு அது சில்லறை, மற்றவனுக்கு ஒரு மாதத்து உப்பும் துணியும். அளவு சமமாயிருந்தது, நீதி சமமாயிருக்கவில்லை. அதிகார எல்லை எது? வரி விதிக்கும் உரிமை அரசுக்கு உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் எவருடைய வாழ்வை ஒழுங்குபடுத்துகிறோமோ, அவரிடம் ஒரு வார்த்தையும் கேளாமல் அதைச் செய்யும் உரிமை எந்த அரசுக்கு உண்டு?

வேதாகமத்தில் இதற்கு நேரான ஒரு சம்பவம் இருக்கிறது. சாலமோன் இறந்தபின் மக்கள் அவருடைய மகன் ரெகபெயாமிடம் வந்து, தந்தை வைத்த நுகத்தை இலகுவாக்கும்படி வேண்டினார்கள். மக்களின் சொல்லுக்குச் செவிகொடுக்கும்படி முதியோர் புத்தி சொன்னார்கள். அவனோ தன்னோடு வளர்ந்த வாலிபரின் பேச்சைக் கேட்டு, நுகத்தை இன்னும் பாரமாக்குவேன் என்றான். பத்துக் கோத்திரங்கள் அவனை விட்டுப் பிரிந்தன. கட்டாய வேலைக்குப் பொறுப்பாயிருந்த அதிகாரியை மக்கள் கல்லெறிந்து கொன்றார்கள். நுகத்தின் பாரத்தைவிட, கேட்கப்படாமற்போன வேதனையே அரசைப் பிளந்தது.

ஆகவே ஒழுங்குமுறை என்பதே தீமை என்று நாம் முடிவுகட்டக் கூடாது. பிறப்பு இறப்பைப் பதிவதும், அம்மைக்கு ஊசி போடுவதும், வாய்க்கால் நீரைப் பங்கிடுவதும் மக்கள் வாழ்வுக்குள் நுழையும் செயல்கள்தாம், ஆனால் வேண்டியவை. அதே பிரித்தானிய ஆட்சி 1871-ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின் மூலம் பழைய கிராமச் சபைகளுக்குப் புத்துயிர் கொடுத்தது. வேலி, கட்டாக்காலி மாடு, வயல் நீர் போன்ற காரியங்களில் கிராமத்தவரே விதிகள் செய்துகொள்ள வழி பிறந்தது. ஒரு சிறிய சமூகம் தானே செய்யக்கூடியதைப் பெரிய அதிகாரம் பறித்துக்கொள்வது அநீதி என்று பாப்பரசர் பதினோராம் பத்திநாதர் 1931-இல் கற்பித்தார். வயலுக்குத் தண்ணீர் எப்போது வேண்டும் என்பது வயற்காரனுக்குத் தெரியும். அவனைக் கேட்டுச் செய்யும் விதியை அவன் தன் விதியாகவே காப்பான்.

இனி நம் சொந்தக் கதைக்கு வருவோம். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே தம்புள்ளையைக் கடந்து மாத்தளைக்கு நடந்துவந்தவர்கள் நம்மில் பலருடைய முன்னோர். வழியில் வாந்திபேதிக்கு இரையானோர் பலர். வந்து சேர்ந்தவர்களை ‘துண்டு’ பிடித்தது. கங்காணியிடம் பட்ட கடன் தீர்ந்தால் விடுவிப்போம் என்று தோட்டம் எழுதிக்கொடுக்கும் அந்தச் சீட்டு இல்லாமல் வேறு தோட்டத்தில் வேலை கிடையாது. 1865-ஆம் ஆண்டின் தொழிற் சட்டப்படி, முன்னறிவித்தல் இன்றி வேலையை விட்டுப் போவது சிறைக்குரிய குற்றம். மற்றவர்களுக்கு வேலையை விடுவது சொந்தக் காரியம். தோட்டத் தொழிலாளிக்கு அது குற்றம். சேர் பொன்னம்பலம் அருணாசலம் போன்றோர் இந்தக் கொடுமைகளுக்கு எதிராகக் குரலெழுப்பினார்கள்; 1919-இல் தொழிலாளர் நலனுக்கென ஒரு சங்கத்தையே அவர் அமைத்தார். துண்டு முறை 1921-இல் சட்டத்தால் ஒழிந்தது.

அன்னியர் போனதோடு இந்தக் குறை போய்விட்டதா? கிராமச் சங்கத் தேர்தலில் தோட்டத் தொழிலாளருக்கு வாக்கு வேண்டாமென்று 1930-களில் வாதாடியவர்கள் நம் நாட்டுத் தலைவர்களே. சுதந்திரம் பெற்ற 1948-ஆம் ஆண்டிலேயே குடியுரிமைச் சட்டம் தோட்ட மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1987-ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம் தோட்டக் குடியிருப்புகளில் சபைகள் தாராளமாகப் பணிசெய்ய இடங்கொடுக்கவில்லை; அது திருத்தப்பட்டது 2018-இல்தான். வாக்குக் கேட்டு வந்தவர்கள், வீதி போட வரச் சட்டம் இடந்தரவில்லை என்று முப்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சொல்ல முடிந்தது. ஆளும் கையின் நிறம் மாறியது. ஆளப்படுபவனைக் கேளாத பழக்கம் நின்றுவிட்டது.

அநீதியான சட்டத்தின் முன் கத்தோலிக்கன் என்ன செய்வது? ஒல்லாந்தர் நம் முன்னோருக்கு இட்ட சட்டத்தை நினைத்துப் பாருங்கள். கத்தோலிக்கக் குருவுக்கு இடங்கொடுப்பது மரண தண்டனைக்குரிய குற்றம் என்று 1658-இல் அறிவித்தார்கள். திருமுழுக்கும் திருமணமும் அவர்களுடைய ஆலயப் பதிவேட்டில் ஏறவேண்டும் என்றார்கள். நம் மக்கள் ஆயுதம் எடுக்கவில்லை. இரவில் கூடி மன்றாடினார்கள். 1687-இல் வந்த புனித யோசேவ் வாஸ் அடிகளாரைத் தங்கள் வீடுகளில் மறைத்துக் காத்தார்கள். சிலர் கண்டி இராச்சியத்துக்குள் தஞ்சம் புகுந்தார்கள். இதே மாத்தளை மாவட்டத்தின் வஹக்கோட்டையில் இன்றும் அந்தப் பழைய விசுவாசத்தின் வேர் உயிரோடிருக்கிறது. மனிதருக்குக் கீழ்ப்படிவதைவிடக் கடவுளுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்ற புனித பேதுருவின் நிலை அது. 1806-இல் தேசாதிபதி மெயிற்லண்ட் காலத்தில் கத்தோலிக்கருக்கு இருந்த தடைகள் நீக்கப்பட்டன.

அநீதியான சட்டம் மனச்சான்றைக் கட்டுப்படுத்தாது என்று கூறும் புனித தோமஸ், குழப்பத்தையும் துர்மாதிரிகையையும் தவிர்ப்பதற்காகச் சில வேளைகளில் ஒருவர் தம் உரிமையை விட்டுக்கொடுக்கவேண்டி வரலாம் என்றும் கூறுகிறார். மாத்தளையில் எழுந்த கோபம் நியாயமானது. ஆனால் கொள்ளையும் தீவைப்பும் கலந்தபோது, இராணுவச் சட்டத்துக்கு அரசாங்கம் தேடிய சாக்கு அதன் கையில் கிடைத்தது. வேறொரு வழியும் இருந்தது. அதே பாதைச் சட்டத்தின் மிச்சமான தலைவரியை 1920-களின் தொடக்கத்தில் ஏ. ஈ. குணசிங்கா கட்ட மறுத்தார். தண்டனையாக விதிக்கப்பட்ட வீதி வேலையை ஏற்றுக் கல்லுடைத்தார். வரி நீங்கியது. ஒளித்தோடாமல், எவரையும் அடிக்காமல், ‘இது நீதியல்ல’ என்று பகலில் நின்று சொல்வதற்கும் வலிமை உண்டு.

இறுதியாக ஒன்று. நாமும் விதிகள் செய்கிறோம். பங்குச் சபையில் வரி நிர்ணயிக்கிறோம். திருவிழாவுக்குக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று எழுதுகிறோம். கூலி வேலை செய்யும் விதவைக்கும் கடை முதலாளிக்கும் ஒரே தொகையைப் போட்டுவிட்டு, “எல்லாருக்கும் சமம்தானே” என்று திருப்திப்படுகிறோமா? வீட்டில் மகளின் படிப்பையும் திருமணத்தையும் அவளைக் கேளாமல் முடிவுசெய்துவிட்டுக் கீழ்ப்படிதலைப் பற்றிப் பிரசங்கம் செய்கிறோமா? டொரிங்டன் பிரபுவைக் குறைகூறுவது எளிது. அடுத்த பங்குச் சபைக் கூட்டத்தில் வரித் தொகை பேசப்படும்போது, அதைக் கட்டச் சிரமப்படும் ஒருவரை அழைத்து முதலில் பேசவிடுவோம். பிரதேச சபையில் நம் லயன்களைப் பற்றித் தீர்மானம் வரும்போது, நாமும் எழுந்து பேசுவோம். ஆண்டவர் எரிக்கோவின் வீதியில் அந்தக் குருடனைக் குணமாக்கும் முன், நான் உனக்கு என்ன செய்யவேண்டும் என்று கேட்டார். எல்லாம் அறிந்தவரே கேட்டார். நாம் கேட்காமல் இருக்கலாமா?