சான்று தரவேண்டியவர் யார்?

1809ஆம் ஆண்டு ஜூன் 8ஆம் நாள் நியூயார்க்கில் முதியவர் ஒருவர் மறைந்தார். 1776ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவர் தீட்டிய சிறு நூல், மன்னனுக்கு மண்டியிட்டுப் பழகிய அமெரிக்கக் குடியேற்ற மக்களை நிமிர்ந்து நிற்கச் செய்தது. அவ்வாண்டு ஜூலைத் திங்களிலேயே அந்நாட்டின் விடுதலை அறிக்கை வெளிவந்தது. அத்தகையவரை அடக்கம் செய்ய நாடு திரண்டதா? நகரமேனும் திரண்டதா? விரல்விட்டு எண்ணத்தக்க சிலரே வந்தனர்! குவேக்கர் நெறியினரின் இடுகாட்டில் தமக்கு ஓர் இடம் வேண்டுமென்று இறக்குமுன் அவர் கேட்டிருந்தார். அவருடைய தந்தையாரின் நெறி அது. அவர்கள் மறுத்துவிட்டனர். தம் பண்ணை நிலத்திலேயே புதைக்கப்பட்டார். பத்தாண்டு கழித்து வில்லியம் காபெட் என்பார், இங்கிலாந்தில் நினைவிடம் எழுப்பலாம் என்றெண்ணி எலும்புகளைத் தோண்டி எடுத்துச் சென்றார். நினைவிடமும் எழவில்லை, எலும்புகளும் எங்கோ தொலைந்தன.

யார் அவர்? தாமஸ் பெயின்! செய்த குற்றம் யாது? கடவுள் இல்லை என்றாரா? இல்லை, தோழர்களே, இல்லை. கடவுள் ஒருவர் உண்டென்று நம்பினார். இவ்வாழ்வுக்கு அப்பாலும் இன்பம் இருக்கும் என்று எதிர்பார்த்தார். இரண்டையும் 'பகுத்தறிவின் காலம்' என்ற தம் நூலின் தொடக்கத்திலேயே எழுதி வைத்தார். கடவுளை ஏற்றார்; கடவுளின் பெயரால் கட்டப்பட்ட எந்தத் திருச்சபையையும் ஏற்க மறுத்தார். அதுவே குற்றம்! பின்னாளில் அமெரிக்கக் குடியரசுத் தலைவரான தியோடர் ரூஸ்வெல்ட், 1888ஆம் ஆண்டு வெளியிட்ட நூலொன்றில், பெயினை இழிமொழி சேர்த்து நாத்திகன் என்றே எழுதினார். கடவுளை நம்பினால் மட்டும் போதாது, எம் வாயில் வழியாக வந்து நம்பவேண்டும் என்பதன்றோ இதன் பொருள்?

பெயினின் நம்பிக்கை நம்முடைய நம்பிக்கையன்று. எனினும் அவர் கதையை நாம் எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. நல்லெண்ணம் கொண்ட நண்பர் சிலர் நம்மிடம் கேட்கின்றனர்: "பூசாரி வேண்டாம், புராணம் வேண்டாம், சடங்கு வேண்டாம்; சரி. ஆனால் உள்ளத்துக்குள் ஒரு கடவுள் இருந்துவிட்டுப் போகட்டுமே, உங்களுக்கு என்ன நட்டம்?" எள்ளி நகையாடித் தள்ளத்தக்க கேள்வியன்று இது. நேர்மையான கேள்விக்கு நேர்மையான விடை தருவோம்.

1793ஆம் ஆண்டுப் பாரிசு நகருக்குச் செல்வோம். முடியரசு வீழ்ந்துவிட்டது. பெயின் அங்கே மக்கள் மன்றத்தின் உறுப்பினர். மன்னனைக் கொல்லவேண்டாம், நாடு கடத்துவோம் என்று வாதாடிப் பகை தேடிக்கொண்டவர். அவ்வாண்டு நவம்பர் 10ஆம் நாள், நோட்ர தாம் பேராலயத்தில் பகுத்தறிவுக்கு விழா எடுத்தனர். பெண்ணொருத்தியைத் தேவியாக அமர்த்தினர். பகுத்தறிவுக்கே தேவி! பகுத்தறிவுக்கே பூசை! மக்கள் கண்மூடித்தனமாக நாத்திகத்தில் வீழ்ந்துவிடக் கூடாதே என்ற கவலையுடன் பெயின் தமது நூலை எழுதினார். எழுதி முடித்த வேளையில், டிசம்பர் 28ஆம் நாள், கைது செய்தனர். கையெழுத்துப் படியை நண்பரொருவரிடம் சேர்ப்பித்துவிட்டு லக்சம்பர்க் சிறை புகுந்தார்.

காட்சி மாறிற்று. 1794 மே 7ஆம் நாள், உன்னதக் கடவுள் உண்டு, ஆன்மா அழியாது என்று பிரெஞ்சு மக்கள் ஒப்புக்கொள்வதாக ரோபெஸ்பியர் ஆணை பிறப்பிக்கச் செய்தார். ஜூன் 8ஆம் நாள் பாரிசு நகரில் உன்னதக் கடவுளுக்குப் பெருவிழா! (பெயின் பின்னாளில் மறைந்த நாளும் ஜூன் 8. இதில் தெய்வச் செயல் தேடுவோர் தேடட்டும்!) விழா முடிந்து இரண்டே நாளில், குற்றஞ்சாட்டப்பட்டவர்க்கு வழக்கறிஞரின் துணையையும் மறுக்கும் சட்டம் வந்தது. கொலைப்பொறி விரைந்து சுழன்றது.

இங்கே நின்று எண்ணிப் பார்க்கவேண்டும். சிறைக்குள் கிடந்த பெயினும் ஒரு கடவுளை நம்பினார். விழா மேடையில் நின்ற ரோபெஸ்பியரும் ஒரு கடவுளையே அறிவித்தார். கொள்கையிலே வேறுபாடு மிகக் குறைவு. ஆனால் ஒருவரின் நம்பிக்கை உள்ளத்தில் குடியிருந்தது. மற்றவரின் நம்பிக்கை அரியணையில் ஏறி அமர்ந்தது. உள்ளத்தில் இருந்தது எவரையும் கொல்லவில்லை. அரியணை ஏறியதன் அருகிலேயே கொலைப்பொறி நின்றது!

அந்தச் சிறையிலே நிகழ்ந்தது மற்றொன்று. மறுநாள் கொல்லப்படவேண்டியவர் இருந்த அறைகளின் கதவில் இரவிலே சுண்ணக்கட்டியால் குறியிடுவர். பெயினின் அறைக்கும் குறியிட்டனர். கதவு வெளிப்புறம் திறந்து சுவரோடு சாய்ந்திருந்ததால் குறி அதன் உட்புறத்தில் விழுந்தது. கதவை மூடியதும் குறி மறைந்தது, பெயின் பிழைத்தார். இதை அவரே எழுதியிருக்கிறார். கடவுள் காத்தார் என்பர் அன்பர்கள். காத்தார் என்றே கொள்வோம். குறி மறையாத மற்ற அறைகளில் இருந்தோர் கதி? அவர்களும் கண்ணீர் மல்கக் கையேந்தியவர்கள்தாமே! பிழைத்தவன் ஊருக்கு வந்து கடவுளுக்குச் சான்று கூறுகிறான். தலையிழந்தவன் எழுந்து வந்து எதிர்ச்சான்று கூற இயலுமா? அற்புதங்களின் கணக்கேட்டில் வரவு மட்டுமே எழுதப்படுகிறது. செலவு எழுதப்படுவதே இல்லை.

சான்று என்றால் என்ன என்பதைப் பெயின் தம் நூலில் தெளிவாக ஆராய்ந்தார். கடவுள் ஒருவனிடம் நேரில் பேசினார் என்றே வைத்துக்கொள்வோம். கேட்டவனுக்கு அது வெளிப்பாடு. அவன் இரண்டாமவனிடம் கூறும்போது? வெறும் கேள்விச் செய்தி! இரண்டாமவன் மூன்றாமவனிடம் கூறி, மூன்றாமவன் ஏட்டில் எழுதி, ஏடு பல மொழிகளில் பெயர்ந்து, நூற்றாண்டு பல கடந்து நம் கைக்கு வருகிறது. நம்பு என்கின்றனர். யாரை நம்புவது? கடவுளையா? கடவுள் கூறினார் என்று கூறியவனைக் கூறியவனையா? காதாற் கேட்டதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று நம் பாட்டிமார் கூறுவரே, அந்த அளவுகோலை அங்காடிக்குக் கொண்டுபோகிறோம். ஆலயத்துக்குக் கொண்டுபோக மட்டும் ஏன் அஞ்சுகிறோம்?

இப்படிக் கேட்ட நூலை அச்சிட்டு விற்றதற்காக 1797ஆம் ஆண்டு இலண்டனில் வில்லியம்ஸ் என்ற ஏழை வணிகர் மீது வழக்குத் தொடுத்தது ஒழுக்கம் காக்கும் சங்கமொன்று. சங்கத்தின் சார்பில் வாதாடி வென்றவர் எர்ஸ்கின். அவரும் கிறித்துவ நம்பிக்கையாளரே. வென்ற பின்னர் ஒரு நாள் தெருவிலே பெண்ணொருத்தி அவர் ஆடையைப் பற்றி இழுத்து அழுதாள். தன் குடிலுக்கு அழைத்துச் சென்றாள். அம்மை நோயால் துடிக்கும் குழந்தைகள். அருகே குனிந்து அமர்ந்து சமயத் துண்டு நூல்களைத் தைத்துக்கொண்டிருந்தார் வில்லியம்ஸ்! எர்ஸ்கின் உள்ளம் உருகிற்று. மன்னித்துவிடலாம் என்று சங்கத்தாருக்கு எழுதினார். அருளாளர் பலர் கூடிய சங்கம், மாட்டோம் என்றது. எர்ஸ்கின் அவர்களுடைய வழக்கை உதறினார். வில்லியம்சுக்கு ஓராண்டுச் சிறை.

நம்பிக்கை ஒன்றே. தனி மனிதனாக நின்ற எர்ஸ்கினுக்குக் கண்ணீர் வந்தது; சங்கமாகக் கூடியபோது அதே நம்பிக்கைக்குக் கண்ணே இல்லாமற் போயிற்று! காரணம் என்ன? தனி மனிதன் தவறினால் அவன் மனச்சான்று அவனைக் குத்தும். அமைப்புக்கு மானம் உண்டு, சொத்து உண்டு, செல்வாக்கு உண்டு. குத்துவதற்கு மனச்சான்று எங்கே உண்டு?

இனி நடுநிலை வழுவாது பெயினிடமே சான்று கேட்போம். விண்மீனும் கோளும் ஒழுங்குடன் இயங்குகின்றன, ஆகவே இயக்குவோன் ஒருவன் உண்டு என்பதே அவர் காட்டிய சான்று. 1802ஆம் ஆண்டு பேலி என்ற பாதிரியார் கைக்கடிகாரத்தை உவமை காட்டி இதே வாதத்தை விரித்தார். பெயின் மறைந்த 1809ஆம் ஆண்டிலேதான் டார்வின் பிறந்தார். 1859ஆம் ஆண்டு வெளிவந்த அவரது நூல், கண் போன்ற நுண்ணிய உறுப்பும் சிறுசிறு மாற்றங்கள் தலைமுறை தலைமுறையாகத் திரண்டு உருவாகக் கூடும் என்பதைக் காட்டிற்று. செய்தவன் இல்லாமலே செம்மை பிறக்கும் வழி புலனாயிற்று. அண்டம் ஏறத்தாழ 1,380 கோடி ஆண்டுகட்குமுன் விரியத் தொடங்கியது என்கிறது இன்றைய அறிவியல். அதற்கு முன் என்ன என்பதற்கு இன்னும் விடையில்லை. அறியாத இடத்தில் அறியோம் என்று எழுதுவது நேர்மை. கடவுள் என்று எழுதிக் கணக்கை முடிப்பது அவசரம். தம் காலத்துச் சான்றைக் கொண்டு பெயின் முடிவு செய்தார். சான்று மாறிய பின் முடிவை மாற்றிக்கொள்வதே அவருக்கு நாம் செலுத்தும் மரியாதை.

வேண்டுதலுக்குப் பலன் உண்டு என்போர் உளர். அதையும் ஆராய்ந்தனர். இதய அறுவை செய்துகொண்ட 1,802 நோயாளிகளை அமெரிக்க மருத்துவமனைகள் ஆறில் மூன்று பிரிவாக்கினர். முடிவை 2006ஆம் ஆண்டு வெளியிட்டனர். பிறர் தமக்காக வேண்டுவது உறுதியாகத் தெரியாத இரு பிரிவினரில், வேண்டப்பட்டவருள் 52 விழுக்காட்டினருக்கும், வேண்டப்படாதவருள் 51 விழுக்காட்டினருக்கும் சிக்கல்கள் நேர்ந்தன. வேண்டுகிறார்கள் என்று உறுதியாகத் தெரிந்திருந்த மூன்றாம் பிரிவினருக்கோ 59 விழுக்காடு!

நண்பர்களின் கேள்விக்கு இப்போது விடை கூறுவோம். உள்ளத்தோடு நிற்கும் நம்பிக்கை நம்மிடம் எதையும் கேட்பதில்லை. ஆகவே அதனிடம் நாம் வரி வசூலிப்போர்போல் சான்று கேட்டு நிற்கவேண்டியதில்லை. கேட்டால் நம் கருத்தைக் கூறுவோம், வாதாட வந்தால் வாதாடுவோம், அவ்வளவே. ஆனால் அதே நம்பிக்கை படியிறங்கி வந்து, விளைச்சலில் பங்கு கொடு என்றால், இன்னாரை மணக்காதே என்றால், இந்த நூலைப் படிக்காதே என்றால், கருவறை வாயிலில் நின்று பிறப்பைக் கேட்டால், அக்கணமே சான்று தரும் கடமை அதன் தலைமீது ஏறுகிறது. எவன் கோருகிறானோ அவன் காட்டவேண்டும். கோரிக்கை எத்துணைப் பெரிதோ, சான்றும் அத்துணைப் பெரிதாக இருக்கவேண்டும்.

இந்த நீதி நமக்கும் பொருந்தும். 1967ஆம் ஆண்டு அல்பேனிய அரசு சமய வழிபாட்டையே தடைசெய்தது. பள்ளிவாயிலையும் மாதாகோயிலையும் பூட்டினர். 1990ஆம் ஆண்டு தடை நீங்கிற்று, வழிபாடும் திரும்பிற்று. ஐயம் என்பது ஆணையால் பிறப்பதன்று, அறிவால் பிறப்பது. ஆணையால் வந்த நாத்திகமும் மற்றுமொரு மதமே!

எனவே இளைஞர்களே, மாலை நேரத்தில் விளக்கேற்றி, மகன் நலமாக இருக்கவேண்டும் என்று முணுமுணுக்கும் அன்னையிடம் வீரம் காட்டாதீர்கள். அந்த விளக்கை ஊதி அணைப்பது பகுத்தறிவாகாது. அவரருகில் அமருங்கள், பெயினின் கதையைக் கூறுங்கள், குறி மறையாத அறைகளில் இருந்தவர்களைப் பற்றியும் கூறுங்கள். அவர் விடை கூறாவிட்டாலும் கவலை வேண்டாம், எண்ணிப் பார்ப்பார். உங்கள் வீரத்தை அந்த அன்னையின் அச்சத்தைக் காசாக்குவோரிடம் காட்டுங்கள். பட்டம் பெற்றவராயினும், பட்டாடை உடுத்தவராயினும், படையுடன் வருபவராயினும் அஞ்சாது வழிமறித்துக் கேளுங்கள்:

கோரிக்கை கண்டோம். சான்று எங்கே?