தப்புதாண்டா

எங்கள் சித்தப்பா ஒரு லாரி ஆபீஸில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். காலை டிபன் பதினோரு மணிக்கு. மதியச் சாப்பாடு நாலு மணிக்கு. ராத்திரி சாப்பிட்டால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. எது சாப்பிட்டாலும் பக்கத்தில் ஊறுகாய் பாட்டில் இருக்கவேண்டும். கோபம் வேறு மூக்குக்கு மேல் வரும். ஐம்பத்தெட்டு வயதில் ஒருநாள், "சோறு இறங்க மாட்டேங்குது" என்றார். எண்டோஸ்கோப்பி பார்த்தார்கள். இரைப்பையில் புற்றுநோய்.

பார்க்கப் போன உறவுக்காரர்கள் எல்லோரும் கையில் பழமும், வாயில் ஒரு கேள்வியும் கொண்டுபோனோம். "நேரத்துக்குச் சாப்பிடுன்னு எத்தனை தடவை சொல்லியிருப்போம்?" என்றார் பெரியப்பா. "அந்தக் கோபத்தைக் குறைச்சிருக்கலாம்" என்றாள் அத்தை. நான் மட்டும் என்ன யோக்கியனா? "அந்த ஊறுகாயை விட்டுத் தொலைச்சிருந்தா இது வந்திருக்குமா சித்தப்பா?" என்று கேட்டேன்.

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "தப்புதாண்டா" என்றார். நாலு மாதத்தில் போய்விட்டார். அந்த ஒரு வார்த்தை மட்டும் என்னைவிட்டுப் போகவில்லை.

உங்களிடமும் கேட்கிறேன். ஒருவர் நோயில் விழுந்ததும் நாம் ஏன் முதலில் அவரது குற்றத்தைத் தேடுகிறோம்? மருந்து தேடவேண்டியது டாக்டர். ஆறுதல் சொல்லவேண்டியது நாம். ஆனால், நாம் செய்வதோ போலீஸ் வேலை!

இந்த வயிற்று விஷயத்திலேயே ஒரு பழைய கதை இருக்கிறது. அல்சர் ஏன் வருகிறது என்று நம் ஊரில் யாரைக் கேட்டாலும், "நேரத்துக்குச் சாப்பிடலை, காரம் ஜாஸ்தி, டென்ஷன்" என்று பதில் வரும். இது நம் பாட்டிகள் மட்டும் சொன்னதில்லை. நாற்பது, ஐம்பது வருடம் முன்பு உலகத்தின் பெரிய பெரிய டாக்டர்களும் ஏறக்குறைய இதையேதான் சொன்னார்கள். கவலை, அமிலம், வாழ்க்கை முறை. அதாவது, உன் வயிற்றுப் புண்ணுக்கு நீதான் காரணம்.

ஆஸ்திரேலியாவில், பெர்த் நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் ராபின் வாரன் என்ற நோயியல் மருத்துவர், 1979-ல் இரைப்பையிலிருந்து எடுத்த சதைத் துணுக்கை மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். வளைந்து நெளிந்த பாக்டீரியாக்கள் தெரிந்தன. அத்தனை அமிலத்தில் எந்தக் கிருமியும் நிலைத்து வாழாது என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்த காலம் அது. 1981-ல் பாரி மார்ஷல் என்ற இளம் டாக்டர் அவரோடு சேர்ந்துகொண்டார். கிருமியை வளர்த்துக் காட்டப் பார்த்தார்கள். வளரவில்லை. 1982 ஈஸ்டர் விடுமுறையில், ரெண்டு நாளில் தூக்கிப் போடவேண்டிய தட்டுகள் அஞ்சு நாள் அப்படியே கிடந்தன. திரும்பி வந்து பார்த்தால் கிருமி வளர்ந்திருந்தது. அதற்குச் சாவகாசம் தேவைப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான்!

அப்போதும் பெரும்பாலான டாக்டர்கள் நம்பவில்லை. 1984-ல் மார்ஷல், அந்தக் கிருமி கலந்த திரவத்தைத் தானே எடுத்துக் குடித்துவிட்டார். மனைவியிடம் முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சில நாட்களில் குமட்டல், வாந்தி, வாயில் நாற்றம். பத்தாம் நாள் எண்டோஸ்கோப்பியில் பார்த்தால், முன்பு நன்றாக இருந்த இரைப்பைச் சுவரில் அழற்சி. உள்ளே அதே பாக்டீரியா. ஹெலிகோபேக்டர் பைலோரி என்று பிற்பாடு பெயர் பெற்ற அந்தக் கிருமிக்காக, 2005-ல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. பெரும்பாலான அல்சருக்குக் காரணம் அந்தக் கிருமி என்று இன்று தெரியும். வலி மாத்திரைகளுக்கும் அதில் ஒரு பங்கு உண்டு.

அதே கிருமிதான் இரைப்பைப் புற்றுநோய்க்கும் முக்கியக் காரணம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 1994-லேயே அதைப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் வகைப் பட்டியலில் சேர்த்துவிட்டது.

"அப்பாடா, குற்றவாளி அகப்பட்டுவிட்டான்" என்கிறீர்களா? அவசரப்படாதீர்கள். உலகத்தில் ஏறக்குறைய பாதிப் பேர் வயிற்றில் அது குடியிருக்கிறது. உங்கள் வயிற்றிலும் இருக்கலாம், என் வயிற்றிலும் இருக்கலாம். ஜப்பானில் வயிற்று உபாதையோடு வந்த 1526 பேரைச் சராசரியாக ஏழெட்டு வருடம் கவனித்து, 2001-ல் முடிவை வெளியிட்டார்கள். கிருமி இல்லாத 280 பேரில் ஒருவருக்குக்கூடப் புற்றுநோய் வரவில்லை. கிருமி இருந்த 1246 பேரில் 36 பேருக்கு வந்தது. அதாவது, கிருமி இருந்தும் 1210 பேருக்கு வரவில்லை!

அந்த 36 பேருக்கு மட்டும் ஏன்? கிருமியிலேயே சாதுவும் உண்டு, முரடும் உண்டு. முரட்டு ரகம் ஊசி போடுவதுபோல 'காக்-ஏ' என்ற ஒரு புரதத்தை நம் செல்லுக்குள் செலுத்துகிறது. அது உள்ளே போய், பக்கத்துச் செல்லோடு இருக்கும் பிடிப்பைத் தளர்த்தி, வளர்ச்சிக் கட்டளைகளைக் குழப்பிவிடுகிறது. ஜப்பான், கொரியா பக்கத்துக் கிருமிகளில் இந்தப் புரதம் இன்னும் வீரியமான வடிவில் இருக்கிறது. அதோடு, பரம்பரையாக வந்த உடல்வாகு. அதோடு உப்பு, புகையிலை. இத்தனையும் ஒரே ஆளிடம், வருடக்கணக்கில் ஒன்றுகூட வேண்டும். கிருமி பரவலாக இருக்கும் நம் நாட்டில், ஜப்பானைவிட இந்தப் புற்றுநோய் மிகக் குறைவு. ஆனால், இதே நாட்டில் மிசோரமில் மிக அதிகம்.

சித்தப்பாவின் ஊறுகாய்க்கு இதில் பங்கே இல்லை என்று நான் சொல்லவில்லை. இருந்திருக்கலாம். ஆனால் பல இழைகளில் அது ஓர் இழை. நாம் அந்த ஒரு இழையைப் பிடித்து அவர் கழுத்தில் சுற்றினோம்.

இன்னொரு விஷயம். இந்தக் கிருமி பெரும்பாலும் சின்ன வயதில்தான் தொற்றுகிறது. அதுவும் வீட்டுக்குள்ளேயே. நெருக்கடியான வீடு, சுத்தமில்லாத தண்ணீர், பெரியவர்களின் எச்சில். சித்தப்பா ரெண்டே அறையில் எட்டுப் பிள்ளைகளோடு வளர்ந்தவர். பாட்டி ஒரே தட்டில் பிசைந்து எல்லோருக்கும் உருட்டிக் கொடுப்பாளாம். கிருமி அங்கே வந்திருந்தால் யாரைப் பிடித்துத் தண்டிப்பீர்கள்? மூணு வயதுக் குழந்தையையா? ஊட்டிவிட்ட பாட்டியையா?

காரணம் வேறு, குற்றம் வேறு. இதைத்தான் நாம் குழப்பிக்கொள்கிறோம். ஏன் தெரியுமா? எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். அவர் தப்புச் செய்தார், அதனால் வந்தது என்றால், தப்புச் செய்யாத எனக்கு வராது. படுக்கையில் கிடக்கிறவரிடம் நாம் கேட்கும் கேள்வி, நம் பயத்துக்கு நாம் போட்டுக்கொள்ளும் மாத்திரை. அதற்கான விலையை அவர் கொடுக்கிறார்.

இனி வரப்போவதையும் யோசியுங்கள். ரத்தத்தில் பெப்சினோஜென் என்ற புரதத்தின் இரண்டு வகைகளை அளந்து, இரைப்பைச் சுவர் தேய்ந்திருக்கிறதா என்று இப்போதே கணிக்கிறார்கள். கட்டியில் 'ஹெர்-2' என்ற புரதம் அதிகமா என்று பார்த்து, சிலருக்கு மருந்து தேர்ந்தெடுக்கிறார்கள். நல்லதுதான். ஆனால் அபாயத்தைக் கணிக்கும் அடையாளம் தீர்ப்பு ஆகிவிடாது. நாளைக்கு ஒரு ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு, "இந்தப் பொண்ணு வயித்துல கிருமி இருக்காமே" என்று கல்யாணத் தரகர் பேசாமல் இருக்கவேண்டும்!

அப்படியானால் உப்பைக் குறை, புகையிலையை விடு என்று யாருக்கும் சொல்லவே கூடாதா? தாராளமாகச் சொல்லுங்கள். நன்றாக இருக்கிறவரிடம் சொன்னால் அது அறிவுரை. விழுந்துவிட்டவரிடம் சொன்னால் அது அடி. வார்த்தை ஒன்றுதான்; நேரம்தான் வேறு.

ஒன்றை இதுவரை சொல்லவில்லை. காரியம் முடிந்து ஒரு மாதம் கழித்துச் சித்தி சொன்னாள். எட்டு மாதமாகவே அவருக்கு வயிற்றில் வலி இருந்ததாம். மேசை டிராயரில் அசிடிட்டி மாத்திரையை ஒளித்துவைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாராம். "ஏன் சித்தி எங்ககிட்ட சொல்லலை?" என்றேன்.

"சொன்னா எல்லாரும் திட்டுவீங்கன்னு பயந்தார்ப்பா" என்றாள்.

அந்த எட்டு மாதம் அவரைக் காப்பாற்றியிருக்குமா என்று எனக்குத் தெரியாது. ஆனால், அவர் வாயை அடைத்தது எந்தப் புரதமும் இல்லை, எந்தக் கிருமியும் இல்லை. அது நாங்கள்தான்.

இந்த வாரம் நீங்கள் யாரையாவது பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போகக்கூடும். பழம் வாங்கிக்கொண்டு போங்கள். அந்தக் கேள்வியை மட்டும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். "வலிக்குதா?" என்று கேளுங்கள், போதும்.