வெந்த தோலுக்கு என்ன விலை?

கொருக்குப்பேட்டையில் எங்க அத்தையைத் தெரியாதவங்க அப்போ குறைச்சல். கூட்ஸ் ஷெட்டில் மூட்டை இறக்கும்போது சிந்துற அரிசியையும் கோதுமையையும் கூட்டிப் பெருக்கி, புடைச்சு, கல்லு பொறுக்கி, படிக்கணக்கில் வித்துதான் மூணு பிள்ளைகளை வளர்த்துச்சு. 1994 தீபாவளிக்கு முந்தின வாரம், ஒரு சாயங்காலம், எண்ணெய் வாங்க மளிகைக் கடைக்குப் போச்சு. கடை முகப்பில் பட்டாசுப் பெட்டிகள் அடுக்கியிருந்தன. பட்டாசு விக்க லைசென்ஸ் வேணும். அந்தக் கடைக்கு இல்லை. பக்கத்திலேயே, பீடி பத்தவைக்கிறதுக்காகத் தொங்கவிட்ட கயிறு கனிஞ்சுக்கிட்டு இருந்துது. அவ்வளவுதான். அத்தையோட வலது கை, முதுகில் பாதி, கழுத்து எல்லாம் வெந்துபோச்சு.

பத்தாவது நாள் வார்டு வாசலுக்குக் கடைக்காரர் தரப்பிலிருந்து ரெண்டு பேர் வந்தாங்க. கையில் முத்திரைத்தாள். 'மனிதாபிமான அடிப்படையில்' நாலாயிரம் ரூபாய் பெற்றுக்கொண்டதாகவும், இனி எந்தக் கோர்ட்டுக்கும் போலீஸுக்கும் போவதில்லை என்றும் எழுதியிருந்துது. எங்க தெருவில் காலேஜுக்குப் போன முதல் பையன் நான். ஆளுங்க எல்லாரும் என் மூஞ்சியைப் பார்த்தாங்க. நான்தான் படிச்சுக் காட்டினேன். 'வாங்கிக்க அத்தே, கோர்ட்டுக்குப் போனா பத்து வருஷம் இழுப்பான்'னு நான்தான் சொன்னேன். வலது கை கட்டில் இருந்ததால் இடது கட்டைவிரலை உருட்டுச்சு. சாட்சி என்று கீழே கையெழுத்துப் போட்டவனும் நான்தான்.

அந்தக் கையெழுத்துக்குக் கணக்குச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். கேள்வி ஒன்றுதான்: வெந்துபோன தோலுக்கு விலை சொல்வது எப்படி? யாருடைய கணக்கில்?

வார்டில் ஒரு கணக்கைப் பார்த்தேன். தீக்காயத்தோடு ஒரு ஆள் வந்ததும் டாக்டர்கள் முதலில் உடம்பை ஒன்பது ஒன்பதாகப் பிரிக்கிறார்கள். ஒரு கை முழுசும் 9 சதவீதம். ஒரு கால் 18. முதுகு 18. மார்பும் வயிறும் சேர்ந்து 18. தலை 9. மிச்சம் 1. இந்தக் கணக்கை வைத்துத்தான் எவ்வளவு குளுக்கோஸ் ஏற்றுவது, உயிர் தங்குமா தங்காதா என்றெல்லாம் முடிவு செய்கிறார்கள். அத்தைக்கு 20 சதவீதம் என்று எழுதினார்கள். ஐகோர்ட் நீதிபதியின் கை வெந்தாலும் 9, அரிசி பொறுக்கும் கை வெந்தாலும் 9. நான் பார்த்தவரையில் இந்த நாட்டில் சாதியும் சம்பளமும் கேட்காமல் மனுசனை அளக்கிற கணக்கு இது ஒன்றுதான்.

வார்டைத் தாண்டி வக்கீல் ஆபீஸ் படியேறினால் கணக்கு மாறிவிடுகிறது. பத்திரத்தில் ரேகை வைத்த பிறகு, மனசு கேட்காமல், ஒரு வக்கீலைப் பார்க்கப் போனேன். அவர் கேட்ட முதல் கேள்வி, 'கடையில பில்லு போட்டாங்களா?' ரெண்டாவது கேள்வி, 'மாச வருமானம் எவ்வளவு, அத்தாட்சி இருக்கா?' நல்ல மனுசன்தான். அவர் கேட்கவில்லை, சட்டம் கேட்டது.

பில்லு விஷயம் என்னன்னா, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 1986இல் வந்தது, இப்போது அதன் இடத்தில் 2019ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. இரண்டுக்குமே நுகர்வோர் என்றால் காசு கொடுத்தவர், அல்லது கொடுப்பதாக ஒப்புக்கொண்டவர். அத்தை இன்னும் எண்ணெயே அளக்கச் சொல்லவில்லை. அப்ப அது யாரு? கடை வாசலில் நின்ன ஒரு பொம்பளை. கடைவாசலில் நின்று வெந்தவளுக்கு நுகர்வோர் மன்றத்தின் கதவைத் திறக்கவே பாடாப் படணும்.

இது எங்க அத்தை ஒருத்தியின் கதை இல்லை. 2017 ஜூலை 15 ராத்திரி, எங்களுக்குப் பக்கத்துக் கொடுங்கையூர் மீனாம்பாள் நகரில் பூட்டிக் கிடந்த ஒரு தின்பண்டக் கடையில் தீப்பிடித்தது. தீயை அணைக்க முயன்றபோது சிலிண்டர் வெடித்தது. தீயணைப்பு வீரர் ஏகராஜ் இறந்தார். 40 பேருக்கு மேல் காயம். பிறகு ஆஸ்பத்திரியிலும் உயிர்கள் போயின. காயம்பட்டவர்களில் பலர் என்ன நடக்குதுன்னு பார்க்க வந்த தெருக்காரங்க. வாங்கினவங்க இல்லை, வித்தவங்க இல்லை, வேலை செய்தவங்களும் இல்லை. தெருவில் நின்றார்கள். சொந்தத் தெருவில் நிற்கிறவனுக்குச் சட்டத்தில் என்ன பெயர்?

அதற்கு ஒன்றரை மாசம் முன்பு, 2017 மே 31 அன்று, தியாகராய நகரில் சென்னை சில்க்ஸ் கட்டிடம் எரிந்தது. டிவிக்காரர்கள் ராத்திரி பகலாக நேரடியாகக் காட்டினார்கள். இன்றைக்கும் யாரைக் கேட்டாலும் அந்தக் கட்டிடம் ஞாபகத்தில் இருக்கிறது. கொடுங்கையூர் எத்தனை பேருக்கு ஞாபகம்? அதே தி.நகரில் 2008 செப்டம்பர் 1 அன்று ரங்கநாதன் தெரு சரவணா ஸ்டோர்ஸ் தீயில் ரெண்டு ஊழியர்கள் செத்தார்களே, அது எத்தனை பேருக்கு ஞாபகம்? கட்டிடம் ஞாபகத்தில் நிற்கிறது, ஆட்கள் நிற்பதில்லை.

சரி, ரெண்டாவது கேள்விக்கு வருவோம். மாச வருமானம். வேலை செய்யும் இடத்தில் வெந்தால், 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் ஒரு அட்டவணை வகுத்திருந்தது. முகம் மிகக் கோரமாகச் சிதைந்தால் 100 சதவீத ஊனம் என்று அதில் இருந்தது. பரவாயில்லையே, சட்டத்துக்கு முகத்தின் மதிப்புத் தெரிந்திருக்கிறதே என்று தோன்றும். ஆனால் அந்த 100ஐ எதோடு பெருக்க வேண்டும்? கூலியோடு. இப்போது அந்தச் சட்டத்தின் இடத்துக்குச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு வந்துவிட்டது. கூலியோடு பெருக்குகிற வழக்கம் மட்டும் போகவில்லை. ஒரே முகம், ஒரே நெருப்பு. மாசம் முப்பதாயிரம் வாங்குகிறவன் முகத்துக்கு ஒரு விலை, மூவாயிரம் வாங்குகிறவள் முகத்துக்கு ஒரு விலை.

டெல்லியில் உபகார் தியேட்டர் 1997 ஜூன் 13 அன்று எரிந்தது. 59 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் பால்கனியில் இருந்தவர்கள், புகையில் மூச்சுமுட்டிச் செத்தார்கள். பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள் சங்கம் அமைத்துப் போராடினார்கள். அந்தப் போராட்டத்தை நான் மதிக்கிறேன். 2003இல் டெல்லி உயர் நீதிமன்றம் 20 வயதுக்கு மேற்பட்டவர் உயிருக்கு 18 லட்சம், அதற்குக் கீழே 15 லட்சம் என்றது. எப்படிக் கணக்குப் போட்டது தெரியுமா? பால்கனி டிக்கெட் வாங்கினவர்கள் மாசம் குறைந்தது 15,000 சம்பாதிப்பார்கள் என்று வைத்துக்கொண்டது. 2011இல் உச்ச நீதிமன்றம் அந்த ஊகத்தை ஏற்காமல் 10 லட்சமாகவும் ஏழரை லட்சமாகவும் குறைத்தது. ஊகம் தப்பு என்று சொன்னது. ஆனால் டிக்கெட்டைப் பார்த்து உசுரை அளக்கலாம் என்ற நினைப்பு எங்கிருந்து வந்தது?

நமக்கு அது புதுசு இல்லை. யாரை அடித்தான், அடித்தவன் யார் என்று கேட்டுவிட்டுத்தான் மநு தண்டம் எழுதினான். கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 ராத்திரி 44 பேரைக் குடிசைக்குள் வைத்து எரித்தார்கள். 1973இல் சென்னை உயர் நீதிமன்றம் நிலச்சுவான்தார்களை விடுதலை செய்தது. நிலபுலனும் காரும் வைத்திருக்கிற பெரிய மனிதர்கள் இப்படி நடந்து வந்து தீ வைப்பார்களா என்று அந்தத் தீர்ப்பு யோசித்தது. சொத்து இருந்தால் குற்றம் செய்திருக்க மாட்டான். சொத்து இல்லாவிட்டால் செத்தாலும் நஷ்டம் குறைவு. ரெண்டும் ஒரே தராசு.

இங்கே என் சிநேகிதர் ஒருவர் குறுக்கே வருவார். வக்கீல், நம்ம ஆள்தான். 'நஷ்டஈடு தண்டனை இல்லைப்பா, பரிசும் இல்லை. போனதைத் திருப்பித் தர்றதுதான் நஷ்டஈடு. லட்ச ரூபா சம்பளம் போனவனுக்கு லட்ச ரூபாதானே போச்சு?' என்பார். இந்த வாதத்தைச் சும்மா தள்ளிவிட முடியாது. சம்பளம் நின்றுபோன குடும்பத்துக்கு அந்தச் சம்பளம் வேணும்தான். ஆனால் வெந்தது சம்பளம் மட்டுமா? தோல் இழுத்துப் பிடிச்சு கழுத்து திரும்பாமப் போச்சே, கை மடங்காமப் போச்சே, வெயில் பட்டா எரியுதே, குழந்தை பார்த்து அழுவுதே, அதுக்கும் கூலிக்கணக்கா? போன வருமானத்துக்குத் தனிக்கணக்கு இருக்கட்டும். தோலுக்கான கணக்கு எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும் என்கிறேன்.

இன்னொன்று. அந்தச் சம்பளம் வானத்திலிருந்து விழுந்ததா? கூட்ஸ் ஷெட்டில் மூட்டை தூக்குறவன் யார், கூட்டுறவள் யார், கல்லாவில் உட்காருகிறவன் யார் என்று பிறப்பு முடிவு செய்த ஊரில், சம்பளத்தை வைத்து விலை சொல்வது பிறப்பை வைத்து விலை சொல்வதுதான். ஒருவருக்கு ஒரு வாக்கு, ஒரு வாக்குக்கு ஒரு மதிப்பு என்பதை அரசியலில் ஏற்றுக்கொண்டு, சமூக, பொருளாதார வாழ்க்கையில் ஒருவருக்கு ஒரு மதிப்பு என்பதை மறுக்கப்போகிறோம் என்று 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் எச்சரித்தார். அந்த மறுப்பு நஷ்டஈட்டுத் தீர்ப்புகளில் ரூபாய்க் கணக்காகவே எழுதப்படுகிறது. அதனால் நடப்பது என்ன? ஏழைகள் புழங்கும் இடத்தில் அஜாக்கிரதையாக இருப்பது மலிவாகிவிடுகிறது. நாலாயிரத்தில் முடியும் என்றால் எவன் கயிற்றை அவிழ்த்து வைப்பான், எவன் பட்டாசை உள்ளே வைப்பான்?

வேறு கணக்கு முடியாதா? முடியும். அதே சட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. எங்க பேட்டையைக் கிழித்துக்கொண்டு ரயில் ஓடுகிறது. ரயில் விபத்தில் பயணி இறந்தால் 2017 முதல் நஷ்டஈடு 8 லட்சம். ஏசி முதல் வகுப்புக்கும் 8 லட்சம்தான், அன்ரிசர்வ்டுக்கும் 8 லட்சம்தான். டிக்கெட்டைப் பார்த்து உசுரை அளக்கவில்லை. அமில வீச்சுக்கு ஆளானவர்களுக்குக் குறைந்தது 3 லட்சம் என்று 2013இல் லட்சுமி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அவள் என்ன சம்பாதித்தாள் என்று கேட்கவில்லை. அமிலத்தில் வெந்த தோலுக்கு ஒரே அடிமதிப்பு வைக்க முடியும் என்றால், கடைத்தீயில் வெந்த தோலுக்கு ஏன் முடியாது?

இன்னும் ஒரு படி மேலே போனவர் நீதிபதி பகவதி. டெல்லி ஸ்ரீராம் ஆலையில் 1985இல் வாயு கசிந்த வழக்கில், 1986 டிசம்பரில், ஆபத்தான தொழில் நடத்துகிறவன் 'நான் ஜாக்கிரதையாகத்தான் இருந்தேன்' என்று தப்பிக்க முடியாது என்றார். நிறுவனம் எவ்வளவு பெரிசோ அவ்வளவு பெரிசாக நஷ்டஈடு இருக்க வேண்டும் என்றார். போபாலில் ஆயிரக்கணக்கானவர்கள் செத்து ரெண்டு வருஷம் ஆகியிருந்த நேரம். இந்தக் கணக்கு அடிபட்டவளின் மடியைப் பார்க்கவில்லை, அடித்தவனின் கல்லாவைப் பார்க்கிறது. அது ஆலைகளுக்குச் சொன்ன விதி, கடைக்கு நீளுமா என்று வக்கீல்கள் வாதாடட்டும். நியாயம் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதை அது காட்டிவிட்டது.

எங்க பக்கம் குடிசைகள் எரிந்தால் தாசில்தார் வருவார். கொஞ்சம் பணம், அரிசி, வேட்டி சேலை, கூடவே மண்ணெண்ணெய். அதற்குப் பெயர் நிவாரணம். கடைக்காரர் கொடுத்ததற்குப் பெயர் மனிதாபிமானம். கருணையை வாங்கிக்கொள்கிறவன் நன்றி சொல்ல வேண்டும். நஷ்டஈட்டை வாங்குகிறவன் நன்றி சொல்ல வேண்டியதில்லை. அது 'என் மேல் தப்பு' என்று எதிராளி எழுதிக்கொடுக்கும் சீட்டு. நாலாயிரத்துக்கு நான் விற்றது அந்தச் சீட்டை.

அத்தை அதைப் புரிஞ்சுவெச்சிருந்துது. ரொம்ப வருஷம் கழிச்சு ஒரு நாள், தழும்புல எண்ணெய் தடவிக்கிட்டே கேட்டுச்சு: 'துட்டு கெடக்குதுடா. அந்தாளு ஒரு தபா வந்து இன்னாம்மா ஆச்சுன்னு கேட்டானா? கோர்ட்டுல நிக்க வெச்சிருந்தா பதில் சொல்லியிருப்பானில்ல?' நான் ஒண்ணும் சொல்லல. அத்தை போய்ச் சேர்ந்து இப்போ ஆறு வருஷம் ஆவுது.

அப்போது எனக்குத் தெரியாமல் போனதை இங்கே எழுதிவைக்கிறேன். ஆஸ்பத்திரி விபத்துப் பதிவேட்டின் நகலும் காயச் சான்றும் கேட்டு வாங்கணும். எப்.ஐ.ஆர். நகல் இலவசம். நிர்ப்பந்தத்தில் எழுதி வாங்கின ஒப்பந்தத்தை ரத்து செய்யச் சொல்லிக் கேட்க 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்திலேயே வழி உண்டு. தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், பெண்கள் என்றால் வருமானம் எதுவாக இருந்தாலும் 1987ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி வக்கீல் இலவசம். நுகர்வோர் வழக்குக்குக் கெடு ரெண்டு வருஷம். உரிமையியல் கோர்ட்டில் கட்டணம் கட்ட முடியாதவர், முடியாது என்று மனுப்போட்டே வழக்கு நடத்தலாம்.

வார்டு வாசலில் இன்னைக்கும் யாரோ முத்திரைத்தாளோடு நிற்கிறான். ஜனங்க இன்னைக்கும் படிச்ச பிள்ளையோட மூஞ்சியைத்தான் பார்க்கிறாங்க. 'இரு, இப்போ கைநாட்டு வைக்காதே' என்று சொல்ல அங்கே ஒரு ஆள் வேணும். நான் இருந்தேன், சொல்லல. நீங்க சொல்லுங்க.