வரியோடிய இலை

எர்த் ஸ்டார் என்ற அழகுச்செடி உயர்ந்து வளர்வதில்லை. மண்ணோடு படிந்து, நெளிந்த விளிம்புள்ள இலைகளை நாலாபுறமும் விரிக்கிறது. மொத்தமே ஒரு சாண் அகலம்தான். இலையில் நீளவாக்கில் இரண்டு வெளிறிய வரிகள். நல்ல வெளிச்சம் கிடைத்தால் அவை இளஞ்சிவப்பாகின்றன; இருட்டு மூலையில் வைத்தால் நிறம் வடிந்து பச்சையாகிவிடுகின்றன. விரலால் விளிம்பைத் தடவினால் பொடி முள் உறுத்துகிறது. தாவரவியலில் கிரிப்டாந்தஸ் பிவிட்டாட்டஸ், அன்னாசிக்குச் சொந்தம்.

*

வெளிறிய இடத்தில் பச்சையம் குறைவு. அதற்கும் சேர்த்துப் பச்சைப் பகுதிதான் உணவு சமைக்கிறது. நாம் அழகு என்று நின்று பார்க்கும் வரியை, நாம் கவனிக்காத பச்சை தாங்கிக்கொண்டிருக்கிறது.

*

கர்நாடகத்தின் சாமராஜநகர் மழை மறைவு ஊர். கோடையில் மண் வெடிக்கும். அப்படிப்பட்ட ஊரிலும் இந்தச் செடி பகலில் இலைத்துளைகளை மூடி வைத்து, இரவில் திறந்து மூச்சு வாங்குகிறது, ஈரம் வீணாவதில்லை. தண்ணீர் தேங்கினால்தான் ஆபத்து, வேர் அழுகிவிடும். அன்பாக ஊற்றுகிறோம் என்று அதிகம் ஊற்றக் கூடாது.

*

நடுக்குருத்தில், இலைகளுக்குள் பதுங்கி, சின்னஞ்சிறு வெள்ளைப் பூக்கள். பூத்து முடித்த செடி மெல்ல வாடத் தொடங்கும். அதற்குள் இலைக்கக்கத்தில் கன்றுகள் வந்திருக்கும். லேசாக அசைத்தாலே கையோடு வந்துவிடும். வாழையடி வாழைதான் இதுவும்.

*

எர்த் ஸ்டாரின் சொந்த மண் கிழக்கு பிரேசில். அதன் அன்னாசிக் குடும்பத்தில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள். மேற்கு ஆப்பிரிக்காவில் வளரும் ஒன்றைத் தவிர, எல்லாம் அமெரிக்கக் கண்டங்களுக்கு உரியவை. நம் காடுகளில் இயல்பாக ஒன்றுகூட இல்லை. சாமராஜநகரை அடுத்த பிளிகிரிரங்கன் மலையில் மரக்கிளைகளைப் பற்றி வாழ்பவை ஆர்க்கிட்டுகளும் பெரணிகளும் போன்றவை, இந்தக் குடும்பம் அல்ல.

*

அதே மலையில், அதே அமெரிக்காவிலிருந்து வந்த இன்னொரு செடி காட்டையே மூடியிருக்கிறது: உண்ணிச்செடி. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தா தாவரவியல் தோட்டத்துக்கு அழகுக்காகத்தான் அதைக் கொண்டுவந்தார்கள். பழத்தைப் பறவைகள் தின்றன. விதை காடெங்கும் போனது. முன்பு அந்த மலையின் பழங்குடிகளான சோளகர்கள் ஆண்டுதோறும் சருகுக்குச் சிறு தீ வைப்பார்கள். 1974இல் மலை சரணாலயமான பிறகு அது நின்றது. அதன் பிறகுதான் உண்ணி இப்படி மண்டியது என்கிறார்கள் அவர்கள். புல் குறைந்தது. நெல்லி பொறுக்கப் போகும் தடங்கள் அடைந்தன. அருகிலுள்ள மாதேஸ்வரன் மலையில் சோளகர்கள் அந்த உண்ணிக் கொம்பை வெட்டி, வேகவைத்து, பட்டை உரித்து நாற்காலி முடைகிறார்கள். யாரோ அழகுக்காகச் செய்த ஒன்றின் சுமையை, அந்த அழகைக் கேட்காதவர்கள் சுமக்கிறார்கள்.

*

இரண்டும் அழகுக்காகவே கடல் தாண்டி வந்தவை. உண்ணி பரவ நாம் தேவைப்படவில்லை. எர்த் ஸ்டாரோ, கன்றை ஒருவர் எடுத்துக் கொடுத்தால்தான் அடுத்த வீட்டுக்குப் போகும். எனக்கு இந்தச் சிறிய செடியின் மேல் மதிப்பு வருவது அதன் நிறத்தால் மட்டும் அல்ல. நம் கைக்கு எட்டிய தூரத்திலேயே அது நின்றுவிடுவதால். ஒரு செடியை வாங்கும்போது வெயில், தண்ணீர், விலை எல்லாம் விசாரிக்கிறோம். பழம் விடுமா, பறவை தின்னுமா, விதை எவ்வளவு தூரம் போகும் என்பதையும் விசாரிக்க வேண்டும். நம் வேலிக்கு வெளியே வாழ்பவர்களுக்கு நாம் செய்ய வேண்டிய குறைந்தபட்ச மரியாதை அது.